கூடுதல் நேரம் கேட்காதீர்கள் என்றார் உளவியலாளர்

எழுதிய விடையைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்காமல் என்னால் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. எல்லாம் படித்திருந்தும் பாதித் தாளோடு எழுந்து வந்த தேர்வுகள் உண்டு. மனநல மருத்துவர் ஓசிடி என்றார்; வேண்டாத எண்ணம் விடாமல் அரிக்க, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். அதை அளக்க ஒய்-பாக்ஸ் என்ற மதிப்பீடு இருக்கிறது: 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண், 24-லிருந்து தீவிரம். நான் தீவிரத்தில் இருந்தேன்.

மருந்தோடு, ஓர் உளவியலாளரிடம் இஆர்பி என்ற பேச்சுவழிப் பயிற்சி சிகிச்சையும் தொடங்கியது. பயத்தைக் கிளப்பும் காரியத்தை வேண்டுமென்றே செய்ய வேண்டும். பிறகு மனம் அரித்தாலும் சரிபார்க்கக் கூடாது. கேட்க எளிதுதான். ஒரு பத்தி எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்வார்கள், எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். 1966-இல் உளவியலாளர் விக்டர் மேயர் விவரித்த முறையிலிருந்து வளர்ந்து, பல ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட சிகிச்சை இது. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலைவிட இந்தத் தகவல்தான் எனக்குத் தெம்பு தந்தது.

இழுபறி கல்லூரியில்தான். தேர்வுச் சலுகைப் படிவத்தில் இருந்தது ஒரே ஒரு வசதி: கூடுதல் நேரம். உளவியலாளரோ, ‘அரை மணி கூடக் கொடுத்தால் அரை மணி கூடச் சரிபார்ப்பீர்கள், நோய்க்குத்தான் தீனி’ என்றார். எங்கள் கோரிக்கை வேறு. தனி அறை, பதற்றம் ஏறும்போது சிறு இடைவேளை, முடித்த தாள்களைக் கண்காணிப்பாளரே வாங்கி வைத்துக்கொள்வது.

‘கொடுப்பதை வேண்டாம் என்கிறீர்கள், இல்லாததைக் கேட்கிறீர்கள். எல்லாருக்கும் ஒரே விதிதான்’ என்றார் அலுவலர். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) 24-ஆம் பிரிவில், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதி என்றுதான் இருக்கிறது. அதைக் காட்டினேன்; பெரிதாக எடுபடவில்லை.

எடுபட்டது உளவியலாளரிடம் வாங்கிக் கொடுத்த புதிய கடிதம். முதலில் கொடுத்திருந்த கடிதத்தில் நோயின் பெயரும் கையெழுத்தும் மட்டுமே. புதியதில், தேர்வறையில் எனக்கு என்ன நடக்கிறது, எந்த வசதி எதைத் தடுக்கும், கூடுதல் நேரம் ஏன் உதவாது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். விண்ணப்பிப்பவர்கள் இப்படிக் கேட்டு வாங்குங்கள். பருவத் தொடக்கத்திலேயே கொடுங்கள். தேர்வு நெருங்கினால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இவ்வளவு விரிவான கடிதத்துக்குத் தொடர்ந்து பார்க்கும் ஓர் உளவியலாளர் தேவை. அதற்குக் காசில்லாத மாணவருக்கு இந்த வழியே அடைபட்டுப் போகிறது என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான். கல்லூரியே மதிப்பீடு செய்து தந்தால் என்ன?

தாள் கையில் இருந்தும் சரிபார்க்காமல் இருக்கப் பழக வேண்டும் என்று, அடுத்த பருவத்துக்கு, தாள் வாங்கி வைக்கும் ஏற்பாட்டை நீக்கிவிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தனி அறையும் இடைவேளையும் இப்போதைக்கு இருக்கட்டும்.