வேலைக்கு நாலு பேர், மேற்பார்வைக்கு ஒரு ஊர்

இலங்கை மலையகத்தில் புசல்லாவைப் பக்கம் மாமாவுக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. தோட்டத்து ஸ்கூலில் படிப்பித்து ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் வாங்கியது. மேலே தோட்டத்துப் பழைய தேயிலை, கீழே ரோட்டு, நடுவில் வீடு. வீட்டுக்குப் பின்னால், சரியாக எல்லையில், ஒரு டர்பன்டைன் மரம், அதாவது யூக்கலிப்டஸ். ரெண்டு பேர் கை கோத்தாலும் அடிமரத்தை வளைக்க முடியாது. உச்சியைப் பார்க்கிறவர்கள் தொப்பியை முன்கூட்டியே கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கொழுந்து மலைக்கு நிழலாகச் சவுக்கு என்கிற சில்வர் ஓக், ஸ்டோர் என்கிற தேயிலை பெக்டரி அடுப்புக்கு விறகாக டர்பன்டைன் என்று வெள்ளைக்காரன் ரெண்டையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டான். நட்டவன் கப்பலேறிப் போய்விட்டான். மரத்தை யார் பேரில் எழுதி வைத்தான் என்பதுதான் மாமாவுக்குத் தெரியவேண்டியிருந்தது.

ஜூன் மாசம் தென்மேல் காற்று தொடங்கினால் நடுச்சாமத்தில் கொப்பு ஒடிந்து விழும். ஒருமுறை குசினித் தகரத்தை ஓரமாக மடித்துவிட்டுப் போனது. மாமா தோட்டத்து ஒபிசுக்குப் போனார். "அது எங்க எல்லைக்கு வெளிய நிக்குது சேர்" என்றார்கள். ரோட்டுக்குப் பொறுப்பானவர்கள், "ரோட்டுல விழுந்தா சொல்லுங்க, வந்து எடுக்குறோம்" என்று நல்ல வார்த்தை சொன்னார்கள். கரண்ட் ஆட்கள் மட்டும் வந்தார்கள். கம்பியில் உரசின கொப்புகளை நறுக்கினார்கள். அந்தப் பக்கப் பாரம் குறைந்ததில் மரத்தின் கனம் முழுக்க வீட்டுப் பக்கம் வந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

சரி, வித்தாவது காசாக்குவோம் என்று மாமா மரக்கடை முதலாளி ஒருவரைக் கூட்டிவந்தார். முதலாளி வருவதற்கு முந்தின இரவே அந்தக் காசில் வீட்டுக்கு டைல்ஸ் போட்டு, முன்பக்கம் விறாந்தை மாதிரி ஒரு இஸ்தோப்பும் இறக்கி முடித்திருந்தார், மனசுக்குள். முதலாளி மரத்தைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், மேலே பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "டர்பன்டைன் அறுத்ததும் வெடிக்கும் சேர். பலகைக்கு அவ்வளவா ஆகாது. வெட்டி எடுக்குறதுக்கு நீங்கதான் ஏதாவது போட்டுக் குடுக்கணும்." டைல்ஸ், இஸ்தோப்பு எல்லாம் அந்த இடத்திலேயே இடிந்து விழுந்தன. முதலாளி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இந்தச் சாதி மரத்துக்குள்ளே ஒரு இழுவை இருக்கும், அறுத்த உடனே முனையில் பிளக்கும். ஆனால் எல்லா மரமும் வாங்கும்போது வெடிக்கும், விற்கும்போது வெடிக்காது என்பது மரக்கடைப் பக்கம் போன எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கடைசியில் பக்கத்து டிவிசனில் இருந்து செயின்சோ அண்ணனைப் பிடித்தோம். அவர், மரமேறுகிற தம்பி ஒருவன், கயிறு பிடிக்க ரெண்டு பேர். அண்ணனின் மெஷின் ஒரு பழைய ஸ்டில் 070. 105 சீசீ எஞ்சின். எங்கள் ரோட்டில் ஓடுகிற சில மோட்டார் சைக்கிளுக்கே அவ்வளவு கிடையாது. சங்கிலியும் பட்டையும் சேர்த்தால் பத்து கிலோவைத் தாண்டும். 2019இல் செயின்சோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் பொலிசில் பதியவேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது பதிந்த துண்டை, அடையாள அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருந்தார். யாரும் கேட்காமலேயே எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் அன்றைக்குப் பேசினது ரொம்பக் குறைவு. பேச வாய்ப்பும் இருக்கவில்லை.

ஏனென்றால் ஊர் வந்துவிட்டது.

தைப்பொங்கல் முடிந்து மழை விட்ட காலம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகிற வேலையும் இல்லை. மேட்டு லயம், பணிய லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசை ரெண்டும் வந்தது. தோட்டத்து வேலையை மேற்பார்த்துப் பென்ஷன் வாங்கிய கண்டாக்கையா நாற்காலியோடு வந்தார். தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் வந்தார். சந்தியில் நிற்கிற த்ரீவீல்காரர்கள் ஹயர் இல்லை என்று வந்தார்கள். ஒரு பாட்டி, "மரம் எத்தன மணிக்கு விழும்?" என்று கேட்டு, தெரியாது என்றதும் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதுதான் முதல் பிரச்சினை. கீழே வீடு. வலது பக்கம் கரண்ட் கம்பி. இடது பக்கம் அத்தையின் பலா மரம். மேலே தோட்டத்துத் தேயிலை.

"சவுத் பக்கம் சாய்க்கணும்" என்றார் கண்டாக்கையா. அவர் கை காட்டின பக்கம் பிள்ளையார் கோயில் இருந்தது. தலைவர் மேட்டுப் பக்கம் நேராகச் சாய்க்கலாம் என்றார். ஒரு த்ரீவீல்காரர், நாலு பக்கமும் கயிறு கட்டி நின்றவாக்கில் இறக்கலாம் என்றார். யூடியூபில் பார்த்தாராம்.

பலா மரம் பக்கம் யார் கண் போனாலும் அத்தை நடுவில் வந்து நின்றார். "அது சட்டப்படி வெட்டக்கூடாத மரம்!" இதில் அத்தை சரி. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். "நாம எங்க வெட்டுறோம்? டர்பன்டைன் விழுந்து முறிஞ்சா அது மரத்தோட குத்தம்" என்றார் மாமா. முப்பது வருஷம் குடியியல் படிப்பித்தவர். நாடு முழுக்கப் பலாக் கன்று நடவைத்ததற்காக ஆதர் வி. டயஸ் என்பவரைச் சிங்களத்தில் 'கொஸ் மாமா' (பலா மாமா) என்று இன்றைக்கும் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் மாமா அப்படியில்லை, அத்தைதான் அப்படி.

செயின்சோ அண்ணன் இவ்வளவுக்கும் வெற்றிலையை மென்றுகொண்டு மரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உச்சியைப் பார்த்தார். கத்தியைக் காம்பில் பிடித்துத் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிச் சாய்வு பார்த்தார். பிறகு, "மேட்டுக்கு நேரா சாய்ச்சா அடிக்கட்ட சறுக்கி குசினிக்குள்ள வரும். குறுக்கால போடணும்" என்றார். சரிவுக்குக் குறுக்காக, பலாவுக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் தேயிலைச் செடி கொஞ்சம் அடிபடும்.

அவ்வளவுதான், தோட்டத்து வாச்சர் முன்னுக்கு வந்தார். ஒபிசுக்குக் கோல் எடுத்தார். மரம் எங்களுடையது இல்லை, ஆனால் அது விழுகிற இடம் எங்களுடையது என்று பதில் வந்தது. வாச்சர் செடிகளை எண்ணிப் புத்தகத்தில் எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். விழுவதற்கு முன்னாலேயே நட்டஈடு எழுதப்பட்ட மரம் இலங்கையிலேயே இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து அண்ணன் கத்தியை எடுத்துப் பின்பக்கம் சரிவாகப் புதரை வெட்டிப் பாதை போட்டார். வளவைச் சுத்தம் செய்து தருகிறார் என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். "அப்பிடியே அந்த ஓரத்தையும் வெட்டி விடுங்க தம்பி" என்றார். அது சுத்தம் செய்தது இல்லை, ஓடுவதற்கு. மரம் சாயத் தொடங்கினதும் மெஷினைப் போட்டுவிட்டு, நேர் பின்னால் போகாமல் கோணலாகப் பின்வாங்கவேண்டும். அடிமரம் பின்னால் எகிறினால் நேர் பின்னால் நிற்கிறவன் அவ்வளவுதான். அந்தப் பாதையில் கோழிக்கூடு இருந்தது. கூட்டைத் தூக்கினபோது கோழிகள் வெளியே வந்து, வேடிக்கை பார்க்கிறவர்களோடு சேர்ந்துகொண்டன.

தம்பி மேலே ஏறிக் கொப்புகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்கினான். அவனுக்கும் கீழேயிருந்து பாடம் நடந்தது. "காலப் பாத்து வையிடா!" என்று நாற்காலியில் இருந்தபடி கண்டாக்கையா கத்தினார். அறுபதடி உயரத்தில் நிற்கிறவனுக்கு அது தோன்றியிருக்காதா என்ன.

பிறகு 070 எழும்பியது. அந்தச் சத்தத்தில் ஒரு நல்ல விஷயம், யார் ஆலோசனையும் கேட்காது. ஆனால் யாரும் நிறுத்தவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது, கை நாலு பக்கமும் காட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் சாய்கிற பக்கம் கால்வாசி ஆழத்துக்கு வாய் வெட்டினார். திடீரென்று கிரீச் என்று ஒரு சத்தம், தீப்பொறி. மெஷின் நின்றது. அதுவரை தேங்கி நின்ற ஆலோசனை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது.

மரத்துக்குள் ஆணி. முள்ளுக்கம்பி அடித்த ஆணி என்று நினைத்தோம். தோண்டினால் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ரோட்டுக்குத் தெரிகிற மரம் என்பதால் ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளர் படப் பலகையை அதில்தான் அடிப்பார்கள். பலகை போய்விடும், ஆணியை மரம் விழுங்கிவிடும். தலைவர் ஒரு ஆணியைக் கையில் வாங்கி, "இது நம்ம ஆளோடது இல்ல" என்றார். சங்கிலியில் பல்லு மழுங்கினதற்கு எந்தக் கட்சியிடம் காசு கேட்பது என்று மாமா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அண்ணன் கட்டையில் உட்கார்ந்து அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார். அந்த நேரத்தில் பாட்டி ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

தூரம் நிற்கச் சொல்வதுதான் பெரிய பாடு. மரம் எவ்வளவு உயரமோ அதைப் போல ரெண்டு மடங்கு தள்ளி நிற்கவேண்டும் என்றார் அண்ணன். அப்படிப் பார்த்தால் ஊர் முழுக்க ரோட்டு வளைவுக்கு அந்தாண்டதான் நிற்கணும், அங்கேயிருந்து ஒன்றும் தெரியாது. மெஷின் எழும்பினால் எல்லோரும் பின்னால் போவார்கள், நின்றால் முன்னால் வருவார்கள். கயிறு இழுக்க ஆள் கேட்டபோது மட்டும் தேவைக்கு மேல் வந்தார்கள். "நான் கைய தூக்குற வரைக்கும் ஒருத்தரும் இழுக்கக்கூடாது" என்று அண்ணன் சொல்லி வாய் மூடவில்லை, பிந்தி வந்த ஒருவர் என்ன ஏது என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்து "ஏலேலோ" என்று ஆரம்பித்துவிட்டார். அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் கயிற்றை விட்டதோடு நிற்காமல் வீட்டுக்கே போய்விட்டார்.

பின்பக்க வெட்டு வாயைவிடக் கொஞ்சம் உயரத்தில் உள்ளே போனது. முழுக்க அறுக்கக்கூடாது. நடுவில் மரத்தின் பருமனில் பத்தில் ஒரு பங்கு போல அறுக்காமல் விடவேண்டும். அந்தத் துண்டுதான் கதவுக்குக் கீல் மாதிரி நின்று மரத்தைச் சொன்ன பக்கம் திருப்பும். அறுந்த இடம் வாளை இறுக்காமல் இருக்க ஆப்பு வைத்து அடித்தார்கள். உள்ளேயிருந்து ஒரு முறுக்கல் சத்தம் வந்தது. அண்ணன் கையைத் தூக்கினார். கயிறு இறுகியது. மரம் யோசித்தது. பிறகு சாய்ந்தது, முதலில் மெதுவாக, அப்புறம் யாரும் நிறுத்த முடியாதபடி. பலாவுக்கும் தேயிலைக்கும் நடுவில், அண்ணன் காட்டின சந்துக்குள்ளேயே, நிலம் அதிர விழுந்தது. பலாவில் ஒரு இலை உதிரவில்லை. வாச்சர் ஓடிப்போய்ச் செடிகளை எண்ணினார். புத்தகத்தில் எழுதினதைவிடக் குறைவாகத்தான் அடிபட்டிருந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

வீட்டுக்கு ஒரேயொரு சேதம். மரத்தால் இல்லை. போனில் வீடியோ எடுப்பதற்காகக் குசினிக் கூரையில் ஏறின பையன், மரம் விழுந்த அதிர்ச்சியில் பயந்து பின்னால் கால் வைத்ததில் ஒரு தகரம் மடிந்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடியோவில் அவன் செருப்பும் கொஞ்சம் ஆகாயமும் இருக்கிறது.

விழுந்து கிடந்த மரத்துக்குச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லையைத் தாண்டிக் கிடக்கிற பகுதி தோட்டத்துக்கு என்றார் வாச்சர், எங்கிருந்தோ ஒரு டேப்போடு. கோயில் கமிட்டி ஒரு உத்திரத்துக்கு அளவு எடுத்தது. முன்பு வெடிக்கும் என்று சொன்ன அதே சாதி மரத்துக்கு, மரக்கடை முதலாளி மத்தியானம் போன் எடுத்து, "சேர், அடிக்கட்டய மட்டும் நான் எடுத்துக்கவா?" என்றார். பச்சை டர்பன்டைன் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். உரிமை கேட்ட யாருக்கும் அதைத் தூக்குவது எப்படி என்ற யோசனை இருக்கவில்லை.

பேச்சில்லாமல் வேலையை முடித்தது மேட்டு லயத்துப் பெண்கள்தான். கத்தி, கயிறு, தலைக்குச் சும்மாடு. பொழுது சாய்வதற்குள் கொப்பு, பட்டை, சுள்ளி ஒன்றும் மிச்சமில்லை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு நின்ற வரிசையை யாரும் மறக்கவில்லை. வேறு இடமென்றால் இந்தத் துப்பரவுக்குத் தனியாகக் காசு கேட்பேன் என்றார் அண்ணன். வேரையும் பிடுங்கிவிடலாமா என்று மாமா கேட்டதற்கு, "சரிவுல நிக்கிற வேரு சேர், அது இருந்தாத்தான் மண்ணு நிக்கும். துளிர் வந்தா வெட்டி விடுங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசினதில் அதுதான் ஆக நீளம்.

அடிக்கட்டை இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. தோட்டமும் கோயிலும் முதலாளியும் பேசி முடிக்கவில்லை. அந்தியில் கண்டாக்கையாவும் தலைவரும் அதன்மேல் உட்கார்ந்து, சந்தியில் நிற்கிற வாகை மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். போன கிழமை அதற்காக அண்ணனுக்குப் போன் எடுத்தார்கள். மரம் எவ்வளவு பருமன், கம்பி பக்கத்தில் இருக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்கவில்லையாம். "எத்தன பேரு பாக்க வருவாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொன்னாராம்.