பிராது திருத்தம்: ஒரு பாகப்பிரிவினை வழக்கின் நாட்குறிப்பு

ஜூன் 10, 2025

தகப்பனார் நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன்மார் இருவர்மீதும் வழக்குத் தொடுத்த முதிய பெண்மணியின் வழக்குக் கட்டு, முந்தைய வழக்கறிஞரின் சம்மதத்தோடு இன்று என்னிடம் வந்தது. இரண்டாம் பிரதிவாதிக்கு அனுப்பிய சம்மன், "இறந்துவிட்டார்" என்ற, சம்மன் சேர்க்கும் நீதிமன்ற ஊழியரான அமீனாவின் குறிப்போடு திரும்பியிருக்கிறது. இறப்புச் சான்றின்படி, பிராது (வழக்கு மனு) தாக்கலாவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். சொத்து விவரத்திலுள்ள சர்வே எண்ணும் உட்பிரிவும் பழைய கிரயப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கின்றன. 1980-களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது அந்தக் கிராமத்தில் எண்கள் மாறியதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஜூன் 12

வருவாய்த்துறை நில ஆவணங்களான அ-பதிவேடு, சிட்டா, புல வரைபடம் மூன்றையும் பெற்று ஒப்பிட்டேன். பிராதில் சொன்ன நான்கெல்லை சரியாக இருக்கிறது. உட்பிரிவு எண் மட்டும் பக்கத்து நிலத்தைக் காட்டுகிறது. எல்லைக்கும் எண்ணுக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லையே மேலோங்கும் என்பது உண்மைதான். ஆனால், பங்குகளை அறிவிக்கும் முதனிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு நீதிமன்றம் நியமிக்கும் அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடு நிலத்தை அளக்க வரும்போது, கையிலிருக்கும் எண் வேறொருவர் வயலைக் காட்டினால், அந்த அம்மா வென்ற வழக்கும் அங்கேயே நின்றுவிடும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவு தீர்ப்பாணையிலுள்ள எழுத்துப் பிழையைத் திருத்த இடம் தருகிறதே என்று அதுவரை காத்திருப்பது, கட்சிக்காரருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஜூன் 24

இரண்டு மனுக்கள் தாக்கல் செய்தேன். சொத்து விவரத்தைத் திருத்த, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 6 விதி 17-இன்கீழ் ஒன்று; வாரிசுகளைச் சேர்க்க மற்றொன்று. விசாரணை தொடங்கவில்லை என்பதால், 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்த "உரிய கவனம்" (கவனமாக இருந்தும் முன்பே கேட்க இயலவில்லை என்று காட்டுவது) என்னும் தடை குறுக்கே வராது. இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்க ஆணை 22-ஐ நாட முடியாது. அது வழக்கு நடக்கும்போது இறப்பவர்களுக்கானது. இத்தகைய நிலையில் ஆணை 1 விதி 10-இன்கீழ் வாரிசுகளைச் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியிருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் ஒருவர் விடுபட்டாலும் வழக்கு நிலைக்காது என்பதால், மனைவி, மகன், மணமாகிச் சென்ற மகள் என வாரிசுச் சான்றிலுள்ள அனைவரையும் சேர்த்தேன்.

ஜூலை 17

எதிர்த்தரப்பு கடுமையாக ஆட்சேபித்தது. புதிதாகச் சேர்க்கப்படுவோரைப் பொறுத்தவரை, காலவரையறைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, சேர்த்த நாளில்தான் வழக்குத் தொடங்கியதாகும் என்றார்கள். அந்தப் பிரிவின் காப்புரை (விதிவிலக்கு வாசகம்), நல்லெண்ணத்தில் நேர்ந்த விடுபாட்டுக்கு முந்தைய தேதியையே கொள்ள நீதிமன்றத்தை அனுமதிக்கிறது என்று நான் எடுத்துரைத்தேன். பல ஆண்டுகளாகப் போக்குவரத்தே இல்லாத அண்ணனின் சாவு தங்கைக்குத் தெரியாமல் போனதை உறுதிமொழிப் பத்திரத்தில் விரிவாகச் சொல்லியிருந்தோம்.

ஆகஸ்ட் 5

இரண்டு மனுக்களும் அனுமதிக்கப்பட்டன. காப்புரையின் பயனும் கிடைத்தது. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்ட வேண்டும். அது நியாயமானதே.

ஆகஸ்ட் 14

உத்தரவு பெறுவதோடு வேலை முடிவதில்லை. காலக்கெடு எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், 14 நாட்களுக்குள் திருத்தத்தைச் செய்யாதவர் நீதிமன்றம் கால நீட்டிப்புத் தந்தாலொழிய பிறகு அதைச் செய்ய முடியாது என்கிறது ஆணை 6 விதி 18. அசல் பிராதில் சிவப்பு மையால் திருத்தி, சுத்தப் பிரதியும் புதிய பிரதிவாதிகளுக்கான சம்மன் படியும் இன்று தாக்கல் செய்தேன். அடுத்த வாய்தா, பிரதிவாதிகளின் கூடுதல் எதிருரைக்கு (பதில் மனுவுக்கு).