ஐவர் நிற்கும் படம்

8 சனவரி 2024
ஊடகத் தொகுப்பை 26ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் இசைக்குழுவைப் பற்றிய குறிப்பு, மூன்று பாடல்கள், மேடையில் வாசித்த காணொளி, மேடை அமைப்பு வரைபடம் எல்லாம் ஆகிவிடும். படம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

10 சனவரி
அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமாம். அந்தத் தரத்தில் எங்களிடம் இருப்பது ரோஸ் ஹில் வீட்டு முற்றத்தில் எடுத்த ஒரே படம். நடுவில் தவிலோடு மாமா நிற்கிறார். இப்போது அவர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். நால்வரை மட்டும் வைத்துப் புதிதாக எடுத்துவிடலாம் என்கிறாள் அக்கா. ஐவரை எதிர்பார்ப்பவர்கள் முன் நால்வராய்ப் போய் நிற்பது முறையல்ல என்ற அவள் வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஆயினும் மனம் ஒப்பவில்லை.

12 சனவரி
செய்தியாளர்கள் குறிப்பின் முதல் வாக்கியத்தைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துப் போடுவார்கள் என்பதால் இன்று முழுவதும் அதிலேயே கழிந்தது. தம்பி எழுதியிருந்த 'இந்திய இசைக்குழு' என்பதை அடித்துவிட்டேன். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மொரிஷியஸ் செகா இசையின் ரவான் பறையும் கோயில் தவிலும் ஒன்றாய் ஒலிக்கும் தமிழ்க் குழு என்று எழுதினேன்.

மாமாவின் பெயரை எப்படி அச்சிடுவது? முத்துசாமியை 'மூட்டூசாமி' ஆக்கிய அந்தப் பழைய பதிவேட்டு எழுத்துதான் அவர் கட்டிலின் தலைமாட்டிலும் தொங்குகிறது. கேட்டேன். "பாட்டன் காலத்திலிருந்து வந்தது, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

15 சனவரி
பொங்கலன்று பேலால் புயல். போர்ட் லூயி வீதிகளில் கார்களை வெள்ளம் அடித்துச் சென்றது. மருத்துவமனைக்குப் போக முடியவில்லை.

18 சனவரி
ரவானின் ஆட்டுத்தோல் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும்; வாசிக்கும் முன் நெருப்பில் காட்டினால்தான் சுருதி ஏறும். ஆகவே அரங்குக்கு வெளியே நெருப்பு மூட்ட ஓர் இடம் வேண்டுமென்று தொழில்நுட்பக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதினேன். மேடை ஏறிய பிறகு கேட்டால் எவரும் தரமாட்டார்கள். தவிலுக்கு வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வேண்டும். இதைப் படுத்தபடியே மாமாதான் சொன்னார். வரைபடத்தில் அவர் இருக்கையை நடுவிலேயே குறித்தேன்.

21 சனவரி
படம் இன்னும் முடிவாகவில்லை.

25 சனவரி
தைப்பூசம். கோர் தெ கார்ட் மலை முருகன் கோயிலுக்கு மாமாவுக்காகப் பால்குடம் எடுத்தேன். படிக்கட்டில் வேறொருவரின் தவில் கேட்டது, நின்றுவிட்டேன்.

26 சனவரி
ஐவர் நிற்கும் படத்தையே இணைத்தேன். இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதினேன், மூன்றாவது அவருடையது. கோப்பு பெரிதாக இருந்ததால் முதல் முறை போகவில்லை. நான்கு மணிக்குப் போய்விட்டது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. ஐந்து மணிக்குப் பார்வை நேரம். படத்தின் பிரதி ஒன்றை எடுத்துச் செல்கிறேன்.