கேஸ் தீரவில்லை, தளம்தான் கொதித்தது

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் ஐயா கட்டிய வீடு எங்களுடையது. கீழே, முற்றத்தைச் சுற்றிய வளவில் சித்திரை வெயிலிலும் ஒரு மின்விசிறி போதும். ஒன்றரை அடிச் சுவர், உயரமான விட்டம், சூட்டை மேலே விட்டுவிடும் முற்றம். தொல்லையெல்லாம் பிற்பாடு அப்பச்சி மாடியில் எடுத்த காங்கிரீட் அறையில்தான். ஐந்து அங்குலக் கூரைத் தளம், மேற்கு வெயில் அறையும் சுவர். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் எனக்கு வாய்த்தது அந்த அறை.

1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி மாட்டினேன். அறை குளிர்ந்ததும் இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையதோ ராத்திரி இரண்டு மணிக்கும் மூச்சு வாங்கியது. மெக்கானிக் வந்து கேஸ் குறைவு என்று ஏற்றிவிட்டுப் போனார். மாற்றமில்லை. அடுத்து வந்தவர், "இந்த ரூமுக்கு 2 டன் போடணும் சார்" என்றார். இரண்டு மாத மின் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் மலிவான தொடக்க யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். அந்த வயிற்றெரிச்சல் வேறு.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு ஒட்டடை அடிக்க ஏணியில் ஏறியவன், தளத்தில் உள்ளங்கையை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிப் பானை மூடி மாதிரி இருந்தது. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி முழுக்க என் தலையில் கக்கிக்கொண்டிருந்தது.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகனிடம் புலம்பினேன். அவன் வீட்டில் குளிருக்கு ஹீட் பம்ப் வைத்திருக்கிறான். வேலை ஒன்றுதான், திசைதான் வேறு: அது வெளிச்சூட்டை உள்ளே இழுக்கிறது, ஏசி உள்சூட்டை வெளியே அள்ளிக் கொட்டுகிறது. "மெஷினை அப்புறம் பாருங்கண்ணே, முதல்ல ஓட்டையை அடைங்க" என்றான். அங்கே கூரைக்கடியில் 270 மில்லிமீட்டர் கனத்துக்கு மினரல் வூல் என்ற பஞ்சை விரிக்கச் சொல்வார்களாம். ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைத்த கதைதான் என்னுடையது.

தெர்மோகோல் ஃபால்ஸ் சீலிங் போடலாமா என்று முதலில் யோசித்தேன். தளம் காய்வது காய்ந்துகொண்டேதான் இருக்கும், நடுவில் எலி குடியிருக்கும் என்று விட்டுவிட்டேன். கொத்தனார், சுண்ணாம்போடு செங்கல் தூள் சேர்த்த சுருக்கி போட்டு, மேலே தட்டை ஓடு பதிக்கலாம் என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணாம்பின் மேல் அவருக்குப் பெரிய பக்தி, எனக்கும் உண்டு. ஆனால் கனத்தை நினைத்துத் தயங்கினேன். கடைசியில் தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் என்ற நுரை ஷீட், இணைப்புகளுக்கு டேப், அதன் மேல் கோழிவலை வைத்து மெல்லிய காங்கிரீட், உச்சியில் வெள்ளை ஓடு என்று முடிவானது. அந்த ஷீட் தெர்மோகோலைவிடக் கெட்டி, தண்ணீரும் குடிக்காது. இரண்டு அங்குலம்தான்; சூட்டைத் தடுப்பதில் இரண்டு மீட்டர் காங்கிரீட்டுக்கும் மேல். வெள்ளை ஓட்டைப் பார்த்த ஆத்தா, "கக்கூஸ் மாதிரி இருக்குடா" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

மேலே வேலை நடக்கும்போதே கீழே ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். ஏசி ஓட, கதவடியில் புகை வெளியே வளைந்து ஓடியது. மேல் ஜன்னலின் உடைந்த வண்ணக் கண்ணாடி அருகே அது உள்ளே திரும்பியது. கதவுக்கு ரப்பர் பட்டை, கண்ணாடிக்குப் புதுச் சட்டம். அடியோடு அடைக்காமல் காலையில் ஜன்னலைத் திறந்து வைப்பேன், மூச்சு முட்டக் கூடாதல்லவா. மேற்குச் சுவரில் வெயில் காய்ந்த வெளி யூனிட்டை வடக்கே நிழலுக்கு மாற்றினேன்.

ஒரு தப்பு நடந்தது. தளம் உயர்ந்ததை யாரும் மழைநீர்த் தூம்பின் மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பதித்த ஓடுகளை உடைத்து, தூம்பை உயர்த்தி, சரிவை மறுபடி பார்த்ததில் ஐந்து நாள் கூலி கூட. வேலை தொடங்கும் முன்பே வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கலாம்.

செலவு ஒரு புது ஏசியின் விலையைத் தாண்டியது. ஆனால் இந்தச் சித்திரையில் அதே 1.5 டன், 26 டிகிரியில், அரை மணியில் அடங்கிவிடுகிறது. முன்பு ராத்திரிக்கு ஒன்பது யூனிட் இழுத்தது, இப்போது ஐந்தைத் தாண்டவில்லை. தளத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும்தான்.

மேற்குச் சுவர் இன்னும் பாக்கி. சாயங்காலம் நாலு மணிக்கு அதில் சாய முடியாது. இப்போதைக்கு மூங்கில் தட்டி ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்.