காளி செத்துப்போன கதை

பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். அதிபர்மார், பரிசளிப்பு விழா, கிரிக்கெற் மட்ச் எல்லாம் என்னைவிட வடிவாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு படத்தைப் பற்றி. சரியாகச் சொன்னால் முக்கால்வாசிப் படத்தைப் பற்றி.

1992 கார்த்திகை. பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனைக்கு இரண்டு கிழமைகூட இல்லை. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் போன மின்சாரம் போனதுதான். மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி எல்லாம் தடைசெய்த பொருள்கள். ஜாம் போத்தலுக்கு அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரி போட்டுக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் வகுப்பு முழுக்கப் படித்தது. காலையில் மூக்கைச் சீறினால் கரி வரும். இதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

அப்படி ஒரு காலத்தில் எங்கள் வகுப்பு மொனிட்டரின் சொந்தக்காரர் வீட்டில் சாமத்தியவீடு. முதல்நாள் இரவு டீவியும் டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுகிறார்கள் என்று அவன் வகுப்பில் காதோடு காதாகச் சொன்னான். வீட்டில் 'குறூப் ஸ்ரடி' என்று சொல்லிவிட்டு ஆறு பேர் நாலு சைக்கிளில் போனோம். பௌதிகக் கொப்பி ஒன்றையும் மறக்காமல் கொண்டு போனோம்.

கலர் டீவி வேறொரு கலியாணவீட்டுக்குப் போய்விட்டதாம். எங்களுக்கு வாய்த்தது ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஹெலி வந்தால் வெளிச்சம் தெரியக்கூடாதென்று ஜன்னலுக்கெல்லாம் சாக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்டுகள் பாயில், கிழவர்கள் கதிரையில், நாங்கள் சுவரோடு சாய்ந்து. பின்பக்கக் கொட்டிலில் ஜெனறேற்றர். நாலு சொட்டுப் பெற்றோலில் அதை எழுப்பி, இரைச்சல் ஒரு நிதானத்துக்கு வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அறைக்குள் அந்தப் புகை, குசினிப் பக்கமிருந்து பலகாரம் பொரிக்கிற எண்ணெய் வாசம், நாற்பது பேரின் வேர்வை. முதல் படம் கிழவர்களுக்காக ஒரு எம்.ஜி.ஆர். படம். அது முடியவே பன்னிரண்டு தாண்டிவிட்டது. இரண்டாவதாகப் போட்டதுதான் 'முள்ளும் மலரும்'.

மகேந்திரன் இயக்கி 1978இல் வந்த படம். எங்களுக்கு அப்போது இயக்குநராவது ஒன்றாவது, ரஜினி படம், அவ்வளவுதான். வின்ச் (மலையில் கம்பியால் இழுக்கிற வண்டி) ஓட்டுகிற காளி, தங்கச்சி வள்ளி, புதிதாக வருகிற இன்ஜினியர். காளிக்குக் கை போய்விடுகிறது. போன பிறகும் திமிர் போகவில்லை. மொனிட்டர் எங்களை உள்ளே இருத்திவிட்டுத் தான் வெளியே போய்விட்டான். சொந்தக்காரப் பெடியன் என்பதால் மெஷினைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. படம் விறுவிறுவென்று முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம், ஜெனறேற்றர் இரண்டு தரம் விக்கியது. படம் சுருங்கிச் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அந்தப் புள்ளியும் போனது. இருட்டுக்குள் நாற்பது பேரும் ஒரே குரலில் 'ஐயோ' என்றார்கள். "எண்ணெய் முடிஞ்சுது" என்று மொனிட்டர் வாசலில் நின்று சொன்னான்.

மிச்சக் கதையைத் திங்கட்கிழமை இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவன்தான் சொன்னான். முந்தியே ஒருக்கால் பார்த்தவனாம். வின்சின் கம்பி அறுகிறது. உள்ளே இன்ஜினியர். காளி ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறான். உள்ளங்கை கிழிந்து இரத்தம் கம்பி வழியே ஓடுகிறது. இன்ஜினியர் தப்ப, காளி பள்ளத்தில் விழுகிறான். தங்கச்சி கலியாண மாலையோடு ஓடி வந்து அந்த மாலையை அண்ணன் நெஞ்சில் போடுகிறாள். எங்களில் ஒருவன் அழுதான். யாரென்று எழுதமாட்டேன், இப்போது பெரிய கணக்காளர்.

அதற்குப் பிறகு இடப்பெயர்வு, கொழும்பு லொட்ஜ், கனடா. அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்க வாய்ப்பு வராமல் இல்லை. பார்த்த படம்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் கதையை மட்டும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! மனைவிக்கு, வேலைத்தலத்தில் ஒரு மலையாளிக்கு, மகளுக்கு நித்திரைக்கு முன். சொல்லச் சொல்ல அந்த இரத்தம் கம்பியில் ஓடுவது என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. காதால் கேட்டது என்பதே மறந்துபோயிற்று.

போன மாசியில் ஸ்காபரோவில் பனி கொட்டி வேலைக்குப் போக முடியாத ஒரு நாள். மகள் கணினியைப் பெரிய டீவியோடு இணைத்துப் படத்தைப் போட்டாள்.

முதலில் அடித்தது நிறம். எனக்குள் இருந்தது முழுக்கச் சாம்பல் நிறப் படம். இங்கே பச்சை, பச்சைக்கு மேல் பச்சை, மலையில் புகார். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. எங்கள் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த மனிசன் பிடித்த வெளிச்சத்தை நாங்கள் சாக்குக்குப் பின்னால் இருந்து சாம்பலாகப் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது 'செந்தாழம் பூவில்'. ஜீப் ஓட்டிக்கொண்டு அதைப் பாடுவது ரஜினி என்று நான் சத்தியம் பண்ணுவேன். பாடுவது சரத்பாபு! நான் வில்லன்போல ஞாபகம் வைத்திருந்த இன்ஜினியர். அந்த மனிதர் படம் முழுக்க எவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறார். பதினாறு வயதில் எனக்கு அது ஒன்றும் தெரியவில்லை. காளிக்குப் பிடிக்காதவரை எனக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரியாக ஞாபகமிருந்தது ஒன்றே ஒன்று. காளியின் மனைவி மங்காவாக வருகிற படாபட் ஜெயலட்சுமி, நெல்லுச்சோறும் நேற்று வைத்த மீன்குழம்பும் என்று ஆசை ஆசையாகப் பாடுகிற பாட்டு. அன்றைக்குப் பாயில் இருந்த பெண்டுகள் அதற்கு விழுந்து விழுந்து சிரித்ததும், சிரிப்பு அடங்கின பிறகு யாரோ ஒரு ஆச்சி பெருமூச்சு விட்டதும்கூட அப்படியே வந்தது.

பிறகு முடிவு. நான் மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன், இப்ப பார், கம்பி அறும். அறவில்லை. வள்ளியை இன்ஜினியருக்குக் கட்டிக் கொடுக்க மங்காவும் ஊராரும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வழியில் காளி வந்து நிற்கிறான். அதிகம் பேச்சுக்கூட இல்லை. வள்ளி எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வந்துவிடுகிறாள். அது போதும் அவனுக்கு. தன் வாயாலேயே கலியாணத்துக்குச் சம்மதிக்கிறான், இப்பவும் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று இன்ஜினியரிடம் சொல்லியும் விடுகிறான். படம் முடிந்தது. யாரும் சாகவில்லை.

"அப்பா, நீங்கள் வேற ஏதோ படத்தைச் சொல்லியிருக்கிறியள்" என்றாள் மகள்.

அன்று இரவே மொனிட்டருக்கு எடுத்தேன். அவன் பாரிசில், அங்கே விடியப்புறம், வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், முள்ளும் மலரும் நீ எங்க பாத்தனீ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நான் அதைப் பாக்கவே இல்லையடா."

அன்று இரவு முழுக்க அவன் கொட்டிலில், ஜெனறேற்றருக்குப் பக்கத்தில். சாக்குக்குள்ளால் வந்த சத்தம்தான் அவனுக்குப் படம். கையில் கொடுத்த மண்ணெண்ணெயில் அரைப் போத்தலை அவன் தாங்கிக்குப் பின்னால் ஒளித்துவிட்டான். அவர்கள் வீட்டில் ஒரு கிழமையாக விளக்கே இல்லை. அம்மா கோயில் விளக்கடியில் இருந்து படிக்கச் சொன்னாவாம். இரண்டு கிழமைச் சோதனைக்கு ஜாம் போத்தல் விளக்குக்கு அரைப் போத்தல் கணக்காய்க் காணும் என்று யோசித்திருக்கிறான். படம் முடிந்த பிறகுதான் எண்ணெய் முடியும் என்று நினைத்தானாம். அந்தக் கணக்குத்தான் பிழைத்துப்போயிற்று.

"எல்லாரும் ஐயோ எண்ட சத்தம் கேட்டுது. அதான், திங்கக்கிழமை ஏதோ ஒண்டு சொல்லத்தானே வேணும்."

அந்தச் சோதனையில் அவனுக்குக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் டீ, அதாவது டிஸ்ரிங்ஷன், ஆகத் திறமான சித்தி. இரண்டு பாடத்திலும் எனக்கு வந்தது கிறெடிற். இதை இங்கே எழுத அவனிடம் அனுமதி கேட்டேன். பேர் போடாவிட்டால் எழுது என்றான்.

வைக்கப் போகும்போது கேட்டான், "அது சரி, உண்மையில என்னெண்டு முடியுது?"

சொன்னேன். வள்ளி ஓடி வருவது, காளி இன்ஜினியரிடம் சொல்வது, எல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டான். பின்னால் மெத்ரோ வந்து நிற்கிற சத்தம்.

"பறுவாயில்லை. ஆனா கம்பி அறுந்திருக்க வேணும்" என்றான்.