சட்டையை வைத்துப் பழுப்பு நீர்ப்பாம்பை அடையாளம் காணுதல்

பாம்பு உரித்த இந்தச் சட்டை கிடைத்த இடம் தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப், ஓடைக்கரைக் கல்லடி. லைகோடோனோமார்பஸ் ரூஃபுலஸ் என்னும் பழுப்பு நீர்ப்பாம்பாக இருக்கலாம் என்பது முதல் ஊகம். ஓடைக்கரையில் கிடந்ததை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. தவளை தேடி வேறு பாம்புகளும் அங்கே வரும்.

காய்ந்த சட்டையை அப்படியே பிரித்தால் கழுத்தில் கிழிந்துவிடும். ஒரு சிறு துண்டை மரபணுச் சோதனைக்கு முதலிலேயே வெட்டி, காகித உறையில் வைத்தாயிற்று. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மீதி 20 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறியது. பிறகு வயிற்றுச் செதிலின் ஓரமாகக் கத்தரித்து, கண்ணாடி மேல் விரிக்க வேண்டும். வயிற்றின் நடுவே வெட்டினால் வயிற்றுச் செதில்களை எண்ணுவது சிரமம்.

செதில் வரிசைகளை எண்ணும் இடம் உடலின் நடுப்பகுதி. வயிற்றுச் செதிலை ஒட்டிய வரிசையில் தொடங்கி, சாய்வாக முதுகெலும்பு வரை ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். வயிற்றுச் செதில் கணக்கில் சேராது. முதுகின் நடுவரிசை ஒற்றையாக இருப்பதால் விடை பெரும்பாலும் ஒற்றைப்படையில்தான் வரும்; 18 அல்லது 20 வந்தால் திரும்ப எண்ணுவதே நல்லது. வாலை நெருங்கினால் வரிசை குறையும், அங்கே எண்ணக் கூடாது. இந்தச் சட்டையில் 19; பழுப்பு நீர்ப்பாம்புக்கு உரிய எண்ணிக்கை அதுதான்.

பூம்ஸ்லாங் என்னும் நச்சு மரப்பாம்புக்கும் 19 வரும், ஆனால் அதன் செதில்களின் நடுவே மேடு ஓடும். சட்டை உட்புறம் வெளியாகத் திரும்பிக் கழன்றிருப்பதால் அந்த மேடு பள்ளமாகத்தான் தெரியும். இங்கு பலர் ஏமாறுகிறார்கள். லென்ஸில் பார்த்தால் இந்தச் செதில்கள் வழவழப்பானவை. அடுத்து கண்ணுக்கும் மூக்குச் செதிலுக்கும் இடையிலுள்ள லோரியல் செதில். கேப் நாகத்துக்கு அது கிடையாது, இதில் தெளிவாக இருக்கிறது. குதச் செதிலும் பிரியாத ஒற்றைச் செதில்.

வரிசை 15 என்றால் நத்தை தின்னும் டூபெரியா பாம்பை நினைக்கலாம். 27க்கு மேல் போனால் கேப் வீட்டுப்பாம்பு. 21 முதல் 25 வரை என்றால் ஆலிவ் வீட்டுப்பாம்பும் பட்டியலில் வரும். இந்தத் தரைப்பாம்பு முன்பு லாம்ப்ரோஃபிஸ் பேரினத்தில் இருந்தது. மரபணு ஆய்வை ஒட்டி 2011இல் நீர்ப்பாம்புகளின் லைகோடோனோமார்பஸுக்கு மாறியது. ஆகவே வாழிடத்தை வைத்துப் பேரினத்தை ஊகிப்பது இனி செல்லாது.

இளஞ்சிவப்பு வயிறும் செங்குத்துக் கண்மணியும் சட்டையில் தெரியாது. அதனால் பெயருக்கு முன் "அநேகமாக" என்ற சொல்லுடன்தான் பதிவு ஏறியிருக்கிறது. அதே ஓடையில் உயிருள்ள பாம்பின் வயிற்றுப் படம் கிடைத்தால் அந்தச் சொல்லை நீக்கிவிடலாம்.