நாலெழுத்துக்குப் பதினெட்டு பைட்

எழுதியதன் இணைப்பை ஒவ்வொரு முறையும் கையால் ஒட்டச் சோம்பல்பட்டு, ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தில் தானாகப் பதிவிட, பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். ராத்திரி போய்விட்டது.

முதல் பதிவில் முகவரி வெறும் எழுத்தாகக் கிடந்தது, தட்டினால் திறக்கவில்லை. அங்கே ஏபிஐ வழியாக, அதாவது ஒரு நிரல் நேரடியாகத் தளத்தோடு பேசும் வழியில், அனுப்பினால், இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நாம்தான் சொல்லவேண்டும். சரி, சொன்னேன். இப்போது இணைப்பு, முகவரிக்கு முன்னால் இருந்த ‘படிக்க’ என்ற சொல்லின் நடுவயிற்றிலிருந்தே தொடங்கி, முகவரி முடிவதற்கு முன்பே நின்றது!

இணைப்பின் தொடக்கத்தையும் முடிவையும் அங்கே எண்ணுவது எழுத்தில் அல்ல, கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகான பைட்டில். ‘படிக்க’ நம் கண்ணுக்கு 4 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி என்பதால் 6. பைத்தானைக் கேட்டாலும் 6 என்றுதான் சொல்லும். அதைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 18. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இது கடைசிவரை தெரியவராது. எழுத்துக்கு ஒரு பைட்தானே.

வரியை யூடிஎஃப்-8 ஆக்கி நீளத்தை அளந்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் பார்த்தால் முன்னோட்டப் படம் இல்லை. தலைப்பு, விளக்கம், படம் எல்லாவற்றையும் நாமே எடுத்துச் சேர்த்து அனுப்பவேண்டுமாம். அது நாளைக்கு.

முகநூலில் போடும் இந்தப் பதிவு மட்டும் கையால் தட்டியது. இங்கே தனிநபர் டைம்லைனில் ஏபிஐ வழியாகப் பதிவிடும் வசதியை 2018 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள், பேஜ் வைத்திருந்தால்தான் உண்டு.